கண்ணீருக்குக் கைதட்டாதீர்கள்

தோட்டத்து வாழ்க்கையை மேடையேற்றுகிறவர்களோடு எனக்குத் தீராத சண்டை ஒன்று உண்டு. அவர்களுடைய தோட்டத்து மனிதர்கள் அழுதுகொண்டே இருக்கிறார்கள். வீட்டைக் காலிசெய்யச் சொல்லிக் கடிதம் வரும், தாய் மார்பில் அடித்துக்கொள்வாள், நாம் கைதட்டுவோம். மறுநாளும் அதே வசனத்தில் அதே கண்ணீர்.

"ஒங்கம்மா செத்தத நெனச்சிக்கோ, அழுக தானா வரும்." ஒத்திகைகளில் நான் திரும்பத் திரும்பக் கேட்ட பயிற்சி இதுதான். கேட்டால் ஸ்தானிஸ்லாவ்ஸ்கி என்பார்கள். அந்த மனிதரே 1930களில், உணர்ச்சியைத் துரத்தாதே, உடல் செய்யும் செயலிலிருந்து தொடங்கு என்ற இடத்துக்கு வந்துவிட்டார். நம்மவர்கள் அந்தப் பக்கத்தைப் புரட்டவே இல்லை.

தோட்டத்தில் யாரும் அழவில்லையா என்று கேட்பீர்கள். அழுதார்கள். அழக்கூடாது என்று போராடி, முடியாமல் அழுதார்கள். நம் நடிகரோ அழுவதற்கே போராடுகிறார்.

கோலசிலாங்கூர் வட்டாரத்தைப் பாருங்கள். 1917இல் தென்னமரம் தோட்டத்தில்தான் இந்நாட்டின் முதல் வணிகச் செம்பனை நடப்பட்டது. பிறகு ரப்பர் தோட்டங்கள் ஒவ்வொன்றாகச் செம்பனையாகின. பல தோட்டங்களே இல்லாமல் போயின. பத்தாங் பெர்ஜுந்தை என்ற பெயர்கூட பெஸ்தாரி ஜெயா ஆகிவிட்டது. இத்தனைக்கும் நடுவில் விடியலில் பெரட்டுக்குப் போய் நின்றவர்களைத்தான் நீங்கள் நடிக்கிறீர்கள்.

கடிதம் வந்த மறுநாள் பால்மரம் வெட்டும் பெண்ணை நடித்துக் காட்டுங்கள். ஒட்டுப்பாலை உரிக்கணும். மங்கைத் துடைக்கணும். பட்டையை மெல்லிசா சீவணும். ஆழமாப் போனா மரத்துக்குக் காயம். வெயில் ஏறுமுன் நிரையை முடிக்கணும். அப்போது பக்கத்து நிரைக்காரி கேட்கட்டும்: "எங்கக்கா போகப்போற?"

அந்தக் கேள்வியின் தொனி ஒவ்வொரு காட்சியிலும் கொஞ்சம் மாறும். அதை நிஜமாகவே காதில் வாங்கினால் ஒருநாள் கத்தி நிற்கும். ஒருநாள் பட்டையில் ஆழமாக இறங்கும். ஒருநாள் சிரிப்புக்கூட வரும். அந்த நொடியை முன்கூட்டியே செய்து வைக்க முடியாது. கையில் வேலையும் எதிரில் இருப்பவர்மேல் கவனமும் இருந்தால் அதுவே வரும்.

நம் தாத்தா பாட்டிகள் பரிதாபப் பொம்மைகள் அல்லர். அடுத்தமுறை தோட்ட நாடகம் பார்க்கப் போனால் நடிகரின் கண்ணைப் பார்க்காதீர்கள், கையைப் பாருங்கள். அது சும்மா இருந்தால் உங்கள் கையும் சும்மா இருக்கட்டும்.