மூளைக்குள் நேரடியாக மருந்து: நம்பிக்கையும் கணக்கும்

மூளையில் புற்றுநோய்க் கட்டி என்று தெரிந்த நாள்முதல் குடும்பத்தார் எங்களிடம் கேட்கும் கேள்வி ஒன்றுண்டு: “மருந்தை நேராக மூளைக்குள்ளேயே வைத்துவிட முடியாதா, டாக்டர்?” கேள்வி நியாயமானது. அதற்கு அரைகுறையாக விடையளித்து நகர்ந்துவிடும் வழக்கம் மருத்துவர்களாகிய எங்களிடம் இருக்கிறது. அது மாற வேண்டும்.

மூளையின் நுண்ணிய இரத்தக் குழாய்களின் சுவரில் செல்கள் இடைவெளியின்றி ஒட்டியிருக்கின்றன. இத்தடுப்பு நச்சுப் பொருள்களிடமிருந்து மூளையைக் காக்கிறது. அதே காவல், புற்றுநோய் மருந்துகள் பலவற்றையும் வாசலிலேயே நிறுத்திவிடுகிறது.

காவலைத் தாண்டும் வழிகளுள் ஒன்று, கார்முஸ்டின் என்னும் மருந்து கலந்த வில்லை. கட்டியை அகற்றிய குழியின் சுவரில் எட்டு வில்லைகள் வரை பதிக்கப்படுகின்றன. அவை மெல்லக் கரைந்து மருந்தை அங்கேயே வெளியிடுகின்றன. அமெரிக்கா 1996இல் இதற்கு அனுமதி அளித்தது.

பயன் எவ்வளவு? புதிதாகக் கண்டறியப்பட்ட தீவிர கிளியோமா நோயாளிகளிடம் நடந்து, 2003இல் வெளியான ஆய்வில், மருந்து வில்லை பெற்றவர்களுள் பாதிப் பேர் 13.9 மாதங்களைக் கடந்து வாழ்ந்தனர். மருந்தில்லா வில்லை பெற்றவர்களிடம் அந்த அளவு 11.6 மாதங்கள். குழியிலிருந்து மருந்து சில மில்லிமீட்டர் தொலைவே பரவுகிறது. புற்றுச் செல்களோ அதைத் தாண்டியும் ஊடுருவியிருக்கின்றன. வலிப்பு, மூளை வீக்கம், தொற்று, காயம் ஆறத் தாமதம் ஆகிய இடர்களும் உண்டு.

இரண்டு மாதங்கள் அற்பமானவை என்று நாங்கள் சொல்லமாட்டோம். மகளின் திருமணத்தைக் காணக் காத்திருக்கும் தந்தைக்கு அவை பெரிது. ஆனால் நகையை அடகு வைத்தும் நிலத்தை விற்றும் சிகிச்சை தேடும் குடும்பத்திடம் இந்தக் கணக்கை மறைப்பது கருணையாகாது. நம்பிக்கை குலைந்துவிடும் என்று அஞ்சி நாங்கள் காக்கும் மௌனம், எஞ்சிய நாள்களை எப்படிக் கழிப்பது என்று முடிவு செய்யும் உரிமையை நோயாளியிடமிருந்து பறிக்கிறது.

ஆகவே, இச்சிகிச்சை பற்றிப் பேச்செழுந்தால் தயங்காமல் கேளுங்கள்: இந்தக் கட்டிக்கு இது பொருந்துமா? எவ்வளவு காலம் கூடும்? என்ன இடர்? செலவு எவ்வளவு? செய்யாவிட்டால் வேறு வழி என்ன? இயன்றவரை நோயாளியையும் உடன் அமர்த்திக் கேளுங்கள். தெளிவாக விடை கூறுவது எங்கள் கடமை.