கவர் சாங் பாடி விற்கலாமா? அமெரிக்காவில் ஒரு டிக்... இந்தியாவில் 50,000 பிரதி கணக்கு!

பழைய ஹிட் பாட்டு ஒன்றை கிட்டாரோடு புதுசா பாடி, ஸ்பாட்டிஃபையில் போட்டு, வருமானமும் பார்க்க முடியுமா? அமெரிக்காவில் முடியும். பாட்டை எழுதியவரிடம் போய் அனுமதி கேட்டு நிற்கவேண்டிய அவசியம்கூட இல்லை. டிஸ்ட்ரோகிட் போன்ற தளத்தில் அப்லோட் செய்யும்போது 'இது கவர் சாங்' என்று டிக் செய்து, லைசென்ஸ் கட்டணம் கட்டினால் மிச்சத்தை மென்பொருள் பார்த்துக்கொள்ளும்.

அதே வேலையை சென்னையில் உட்கார்ந்து தமிழ் சினிமா பாட்டுக்குச் செய்யப் போனால் கதையே வேறு. ஏன்?

ஒரு பாட்டு, இரண்டு உரிமை

மெட்டும் வரிகளும் சேர்ந்த படைப்புக்கு ஒரு உரிமை. அதன் ஒலிப்பதிவுக்கு இன்னொரு உரிமை. 'ஐ வில் ஆல்வேஸ் லவ் யூ' பாடலை எழுதி, 1974-ல் வெளியிட்டவர் டாலி பார்ட்டன். 1992-ல் 'தி பாடிகார்ட்' படத்துக்காக அதைப் பாடி உலக ஹிட் ஆக்கியவர் விட்னி ஹூஸ்டன். விட்னியின் பதிவு விற்கும்போது, எழுதியவர் என்ற முறையில் டாலிக்கும் பணம் போனது.

கவர் சாங்கின் அடிப்படையே இதுதான். புது ஒலிப்பதிவு பாடுபவருக்குச் சொந்தம். ஆனால் மெட்டுக்கும் வரிக்கும் ராயல்டி தர வேண்டும். இதற்குப் பெயர் 'மெக்கானிக்கல் லைசென்ஸ்'.

பியானோ காலத்துச் சட்டம்

தானாக இயங்கும் பியானோவுக்கான காகிதச் சுருள், பாட்டின் 'பிரதி' ஆகாது என்று 1908-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொன்னது. அடுத்த ஆண்டே சட்டம் மாறியது. உரிமையாளர் சம்மதத்தோடு ஒரு பாட்டு ஒருமுறை பதிவாகிவிட்டால், பிறகு யார் வேண்டுமானாலும் பிரதிக்கு 2 சென்ட் கட்டிப் பதிவு செய்யலாம் என்றானது. 2025-ல் சிடி, டவுன்லோடு ஒன்றுக்கு 12.7 சென்ட் (5 நிமிடத்துக்குள் இருக்கும் பாட்டுக்கு). அதாவது 1,000 சிடி போட்டால் 127 டாலர்.

மென்பொருளுக்கு இதில் என்ன வேலை?

பணத்தைவிட பேப்பர் வேலைதான் பெரிய தலைவலி. உரிமையாளருக்கு முறைப்படி நோட்டீஸ் அனுப்ப வேண்டும். மாதாமாதம் கணக்கு கொடுக்க வேண்டும். ஒரு பாட்டை நாலு பேர் சேர்ந்து எழுதியிருந்தால், ஆளுக்கொரு பப்ளிஷர் இருப்பார். யாருக்கு எத்தனை சதவீதம் என்று தேட வேண்டும். தனியாக இயங்கும் ஒரு பாடகரால் இதெல்லாம் ஆகிற காரியமா? லைசென்ஸ் சேவைகள் இந்தத் தேடல், நோட்டீஸ், ராயல்டி பட்டுவாடா எல்லாவற்றையும் மொத்தமாக எடுத்துக்கொள்கின்றன.

ஸ்ட்ரீமிங்கில் இன்னும் சுலபம். 2018-ல் வந்த மியூசிக் மாடர்னைசேஷன் சட்டப்படி, 2021 முதல் தி எம்எல்சி என்ற அமைப்பு ஸ்ட்ரீமிங் நிறுவனங்களுக்கு ஒட்டுமொத்த லைசென்ஸ் தருகிறது. அமெரிக்காவில் கேட்கப்படும் கவருக்கான மெக்கானிக்கல் ராயல்டியை அந்த நிறுவனமே கட்டிவிடும். டவுன்லோடில் நடைமுறை கடைக்குக் கடை மாறும். சிடி, வினைல் என்றால் பாடுபவர்தான் லைசென்ஸ் எடுக்க வேண்டும்.

ஆனால் டேட்டா தப்பானால் பணம் அந்தரத்தில் நின்றுவிடும். உரியவர் யார் என்று பொருத்த முடியாமல் கிடந்த சுமார் 42.4 கோடி டாலர் பழைய ராயல்டியை, 2021-ல் ஸ்ட்ரீமிங் நிறுவனங்கள் எம்எல்சியிடம் ஒப்படைத்தன. எழுதியவர் பெயரைச் சரியாகக் கொடுப்பது ஏன் முக்கியம் என்பதற்கு இதைவிட உதாரணம் வேண்டாம்.

எங்கே செல்லாது?

வீடியோவுக்கு இந்த லைசென்ஸ் பொருந்தாது. அதற்கு 'சிங்க்' அனுமதி தனி. யூடியூபில் கன்டென்ட் ஐடி மெட்டைக் கண்டுபிடித்தால், வீடியோவைத் தடுப்பதா, விளம்பர வருமானத்தை எடுத்துக்கொள்வதா என்பது உரிமையாளர் கையில். வரிகளை மாற்றுவது, மொழிபெயர்த்துப் பாடுவது, ஒரிஜினல் பதிவிலிருந்து ஒரு துண்டை வெட்டிச் சேர்ப்பது எல்லாவற்றுக்கும் நேரடி அனுமதி வேண்டும். முக்கியமாக, அமெரிக்கச் சட்டம் அமெரிக்காவுக்குள் மட்டும்தான்.

இந்தியாவில் என்ன நிலைமை?

இங்கேயும் சட்டம் இருக்கு. காப்புரிமைச் சட்டத்தில் 2012-ல் சேர்க்கப்பட்ட 31சி பிரிவு கவர் பாடல்களுக்கானது. ஆனால் நிபந்தனைகளைப் பாருங்கள்: முதல் பதிவு செய்யப்பட்ட ஆண்டு முடிந்து 5 ஆண்டுகள் ஆகியிருக்க வேண்டும். ராயல்டியை முன்கூட்டியே கட்ட வேண்டும். அதுவும் பிரதி எடுக்கும் ஒவ்வொரு ஆண்டுக்கும் குறைந்தது 50,000 பிரதிகளுக்கு. முந்தைய பதிவு வந்த அதே ஊடகத்தில்தான் பொதுவாக வெளியிட வேண்டும்.

கேசட், சிடி கம்பெனிகளை மனதில் வைத்துப் போட்ட கணக்கு இது. ஸ்ட்ரீமிங்கில் 'பிரதி' எது? 500 பேர் கேட்கும் பாடகர் 50,000 பிரதிக்குப் பணம் கட்டுவாரா? அதனால் நடைமுறையில் மிஞ்சும் ஒரே வழி, உரிமை வைத்திருக்கும் இசை நிறுவனத்திடம் நேரடியாகக் கேட்பது. (2017-ல் எஸ்.பி.பி.க்கு இளையராஜா தரப்பு அனுப்பிய நோட்டீஸ் மேடைக் கச்சேரி பற்றியது. அது வேறு உரிமை.)

அப்லோட் பக்கத்தில் இருக்கும் அந்த டிக், 'உரிமை என்னிடம் இருக்கிறது' என்று பாடுபவர் தரும் வாக்குமூலம். புகார் வந்தால் பாட்டு தூக்கப்படும், வந்த பணமும் நிறுத்தி வைக்கப்படலாம். ஸ்டூடியோவுக்குப் பணம் கட்டுவதற்கு முன்பே பாட்டின் உரிமை யாரிடம், லைசென்ஸ் எந்தெந்த நாட்டுக்கு என்ற இரண்டையும் பார்த்துவிடுவது நல்லது.