சிறுநீர்ச் சோதனை: முதல் முடிவு சந்தேகம்தான், தீர்ப்பல்ல

லோரி ஓட்டுநர், பாதுகாவலர், தொழிற்சாலை ஊழியர் என நம்மவர்கள் பலர் வேலைக்காகவோ போலீஸ் சோதனையிலோ சிறுநீர் கொடுக்க நேர்கிறது. 'பாசிட்டிவ்' என்ற ஒரு சொல்லில் வேலையும் பெயரும் போய்விடலாம். 1952ஆம் ஆண்டு அபாயகரப் போதைப்பொருள் சட்டத்தின் 15(1) பிரிவின்படி, போதைப்பொருள் உட்கொண்டவருக்கு 5,000 வெள்ளி வரை அபராதமோ ஈராண்டு வரை சிறையோ விதிக்கப்படலாம். இந்தச் சோதனை எப்படி நடக்கிறது என்பது நமக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

முதல் கட்டம், சில நிமிடங்களில் முடிவு காட்டும் சோதனைப் பட்டை. அது போதைப்பொருளை அதன் வடிவத்தை வைத்தே அடையாளம் காண்கிறது. அதனால் அதே சாயலுள்ள மருந்திலும் ஏமாறலாம். மூக்கடைப்பு மாத்திரையிலுள்ள சூடோஎஃபெட்ரின், சில பட்டைகளில் ஆம்ஃபெட்டமின் வகையாகத் தெரியக்கூடும்.

இரண்டாம் கட்டம், ஆய்வகத்தில் நடக்கும் உறுதிப்படுத்தும் சோதனை. ஜி.சி.-எம்.எஸ். என்ற கருவி, சிறுநீரிலிருந்து எடுத்த பொருள்களைத் தனித்தனியாகப் பிரிக்கிறது. பிறகு ஒவ்வொரு மூலக்கூற்றையும் உடைத்து, துண்டுகளின் எடையை அளக்கிறது. அந்த அளவுகள் கைரேகை போன்றவை. மருந்து எது, போதைப்பொருள் எது என்பது இங்கேதான் தெளிவாகும்.

ஆனால் அந்தப் பொருள் உடலுக்குள் எப்படி வந்தது என்பதைக் கருவி சொல்லாது. இருமல் மருந்திலுள்ள கோடீன் உடலில் ஓரளவு மார்ஃபினாக மாறும். குருமாவில் அரைத்துச் சேர்க்கும் கசகசாவிலும் சிறிதளவு மார்ஃபின் இருக்கலாம். அமெரிக்க மத்திய அரசு 1998இல் வேலையிடச் சோதனைகளில் அபின் வகைக்கான வரம்பை, மில்லிலிட்டருக்கு 300 நானோகிராமிலிருந்து 2,000 நானோகிராமாக உயர்த்தியதற்குக் கசகசாவும் ஒரு காரணம்.

நம் பூப்பந்து வீரர் டத்தோ லீ சோங் வெய்க்கு நேர்ந்ததை மறந்திருக்க மாட்டோம். 2014 உலகப் போட்டியில் அவரிடம் எடுத்த மாதிரியில் டெக்சாமெத்தசோன் இருந்தது. இரண்டாவது போத்தலைச் சோதித்தபோதும் அதே முடிவுதான். ஆய்வகத்தின் கணக்கில் தவறில்லை. ஆனால் அது அவர் உட்கொண்ட மூலிகை மாத்திரையின் உறை வழியே வந்தது என்பதையும், ஏமாற்றும் நோக்கம் அவருக்கில்லை என்பதையும் விசாரணைக் குழு ஏற்றது. அப்படியும் எட்டு மாதத் தடை விதிக்கப்பட்டது. வெள்ளிப் பதக்கமும் பறிபோனது.

மூட்டுவலிக்கென விற்கப்படும் சில பாரம்பரிய மருந்துகளில் இதே டெக்சாமெத்தசோன் கலந்திருப்பதைச் சுகாதார அமைச்சு பலமுறை கண்டுபிடித்துள்ளது. 'எம்.ஏ.எல்.' பதிவெண்ணும் ஹோலோகிராம் முத்திரையும் இல்லாத மருந்தை வாங்காதீர்கள்.

சிறுநீர் கொடுக்கும் முன் உட்கொண்ட மருந்துகளைச் சொல்லுங்கள். மருந்துப் பொட்டலத்தையும் கிளினிக் ரசீதையும் பத்திரப்படுத்துங்கள். போத்தலில் உங்கள் பெயர் சரியாக எழுதப்பட்டு, உங்கள் கண்முன்னே முத்திரையிடப்படுகிறதா என்று பாருங்கள். பட்டை 'பாசிட்டிவ்' காட்டினால் ஆய்வக முடிவைக் கேளுங்கள்.

போதைப்பொருள் நம் குடும்பங்களைச் சீரழிப்பது உண்மை; சோதனைகள் தேவைதான். ஆனால் வேலை கொடுப்பவர் பட்டையை மட்டும் பார்த்து ஒருவரை நிறுத்திவிட்டால், பிறகு வரும் ஆய்வக முடிவு அவருக்குப் போன சம்பளத்தைத் திருப்பித் தராது.