முரளியின் முழங்கை

சங்கரன்கோவில் வட்டாரத்தில் டென்னிஸ் பந்துப் போட்டி பார்த்தவர்களுக்கு பந்தை எறிகிறான் என்று பொருள்படும் ‘மாங்கா’ என்ற கூச்சல் புதிதல்ல. கை மடங்கியிருந்தாலே எறி என்று பலரும் நம்புகிறார்கள். அது தவறு. இலங்கைச் சுழல் பந்துவீச்சாளர் முத்தையா முரளிதரன் ஆண்டுக்கணக்கில் சுமந்த பழியும் இந்த நம்பிக்கையிலிருந்து வந்ததுதான்.

விதி சொல்வது இது: கை தோள் உயரத்துக்கு வந்தபின், பந்து விரலை விட்டுப் போகும்வரை முழங்கை நிமிரக் கூடாது. மடங்கிய கை மடங்கியபடியே சுழன்றால் குற்றமில்லை. பேஸ்பால் பிட்ச்சர் முழங்கையை மடக்கி நீட்டியே வேகம் எடுக்கிறார்; அங்கே அது திறமை, இங்கே நோ-பால்.

கண்டியில் 1972இல் பிறந்த முரளிக்குப் பிறவியிலேயே முழங்கை முழுதாக நீளாது. அதனால் அவர் எப்படி வீசினாலும் பார்ப்பவர் கண்ணுக்கு எறிவதுபோலவே தெரியும். 1995 டிசம்பர் 26 அன்று மெல்போர்ன் டெஸ்டில் நடுவர் டேரல் ஹேர் ஏழு முறை நோ-பால் கொடுத்தார். மறு ஆண்டு ஆய்வகச் சோதனைகள் முரளியை விடுவித்தன. ஏச்சு மட்டும் நிற்கவில்லை.

2004இல் வழக்கத்துக்கு எதிர்த்திசையில் திரும்பும் அவருடைய ‘தூஸ்ரா’ பந்து சிக்கலானது. கை சுமார் 14 பாகை நிமிர்வதாக அளந்தார்கள். நடைமுறையில் கொஞ்சம் நிமிர்வதை அனுமதித்தார்கள்; சுழல் பந்துக்கு அன்றைய வரம்பு 5 பாகை. பிறகு ஐசிசி மற்றவர்களையும் படம்பிடித்து ஆராய்ந்தபோது, வேகப்பந்து வீச்சாளர்கள் மெக்ராத், பொல்லாக் உட்பட ஏறக்குறைய எல்லோருடைய கையும் ஓரளவு நிமிர்வது தெரிந்தது. சுமார் 15 பாகைக்குக் கீழே நடப்பதை வெறுங்கண்ணால் பிடிப்பது கடினம். எனவே 2005இல் எல்லோருக்கும் ஒரே வரம்பாக 15 வந்தது. முரளிக்காக விதியை வளைத்தார்கள் என்பது நியாயமற்ற பேச்சு. பழைய வரம்பைக் கறாராகப் பிடித்திருந்தால் பந்துவீச ஆளே மிஞ்சியிருக்காது.

2010 ஜூலையில் காலியில், தம் கடைசி டெஸ்ட் பந்தில் பிரக்யான் ஓஜாவை வீழ்த்தி 800 விக்கெட்டுடன் அவர் விடைபெற்றார். அந்த எண்ணிக்கையை இன்றுவரை எவரும் தொடவில்லை.

தமிழக வேகப்பந்து வீச்சாளர் சின்னப்பம்பட்டி நடராஜனும் 2015இல் ரஞ்சியில் அடியெடுத்து வைத்ததுமே இதே புகாரில் சிக்கினார். அவரை யாரும் துரத்திவிடவில்லை. பந்துவீச்சைத் திருத்திக்கொண்டு 2020இல் இந்திய அணிக்கு ஆடினார். உள்ளூர் நடுவர்களும் உடற்கல்வி ஆசிரியர்களும் இதை நினைவில் வைக்க வேண்டும். ஒரு பையனின் கையில் சந்தேகம் வந்தால் கைப்பேசியில் பக்கவாட்டிலிருந்து மெதுவோட்டமாகப் படமெடுத்துப் பாருங்கள். முழங்கை தெளிவாகத் தெரியும்படி நிமிர்ந்தால் திருத்தக் கற்றுக்கொடுங்கள். இல்லாவிட்டால் அவனை வீச விடுங்கள்.