புது வண்டிக்குள் பழைய காயம்

திருச்சி தில்லை நகரில் ஆஸ்பத்திரி வாசல்களில் வாடகைக் கார்கள் வரிசையாக நிற்கும். அந்த வரிசையில் நிற்கும் டிரைவர் ஒருவர் நமக்குப் பழக்கமானவர். தகப்பனார் மண்ணச்சநல்லூர் அரிசி ஆலையில் மூட்டை தூக்கியவர். தாயார் நடவு நட்டவர். பத்து வருஷம் பிறர் காரை ஓட்டிய பின், மனைவியின் நகையை அடகு வைத்து முன்பணம் கட்டி, மீதிக்குக் கடன் வாங்கி, புதுக் கார் ஒன்று எடுத்தார். நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து, மாலை போட்டு, ஸ்ரீரங்கம் வரை ஓட்டிப் போய் வந்தார்.

எட்டு மாதம் கழித்து, ஒரு ஸ்கூட்டர் பின்கதவில் லேசாக உரசிவிட்டது. வரகனேரியில் ஒரு பட்டறைக்கு வண்டியைக் கொண்டு போனார். டிங்கர் வேலை செய்யும் பெரியவர் உப்புத்தாளால் நாலு தேய்ப்புத் தேய்த்தார். தகரம் தெரிய வேண்டிய இடத்தில் பட்டி உதிர்ந்தது! கதவைத் திறந்து பார்த்தார். கீல் போல்ட்டுகளில் ஸ்பேனர் பட்ட தழும்பு. ரப்பரின் ஓரத்தில் பெயின்ட் தூசி. “தம்பி, இது கம்பெனிப் பெயின்ட் இல்லே. உன் கைக்கு வர்றதுக்கு முந்தியே இந்தக் கதவு அடிபட்டிருக்கு” என்றார்.

விற்ற இடத்தில் போய்க் கேட்டால் என்ன பதில்? “நீங்களே எங்கேயாவது இடிச்சிருப்பீங்க சார். வண்டிதான் ஓடுதே, அப்புறம் என்ன?”

அந்த நிறுவனத்தின் பெயர் இங்கே முக்கியமல்ல. அந்தப் பதில்தான் முக்கியம். புதிது என்று சொல்லி முழு விலையையும் வாங்கிக்கொண்டார்கள். அடிபட்ட வண்டி என்று சொல்லியிருந்தால் விலை இறங்கியிருக்கும். அந்த வித்தியாசம் யார் பையில் விழுந்தது? அதற்கும் சேர்த்து மாதாமாதம் வட்டியோடு தவணை கட்டுகிறவர் யார்? நாளைக்கு இந்த வண்டியை விற்கப் போனால், “அடிபட்ட வண்டி” என்று விலையைக் குறைத்துக் கேட்பார்களே, அந்த நஷ்டம் யாருக்கு?

“கார் வாங்குகிறவன் கவலை நமக்கெதற்கு?” என்று ஆலைத் தொழிலாளியோ விவசாயக் கூலியோ கேட்கலாம். கேட்கத் தேவையில்லை. இன்று நம் வீட்டுப் பிள்ளைகள்தான் கடன் வாங்கிச் சரக்கு ஆட்டோ எடுக்கிறார்கள். வாடகைக் கார் எடுக்கிறார்கள். பணக்காரனுக்குக் கார் சவாரி. நம் பிள்ளைக்கு அது சோறு.

மூன்று சதவீத ரகசியம்

இது ஏதோ ஒரு கடைக்காரரின் கைச்சரக்கு என்று நினைக்க வேண்டாம். உலகப் பெரும் கம்பெனி ஒன்று இதையே சட்டதிட்டமாக வகுத்து நடத்தியது கோர்ட்டில் வெட்டவெளிச்சமாயிற்று.

அமெரிக்காவில் அலபாமா மாநிலம். அங்கே ஒரு டாக்டர் 1990 ஜனவரியில் பி.எம்.டபிள்யூ. கார் ஒன்றைப் புதிதாக வாங்கினார். விலை 40,750 டாலருக்குச் சற்று மேல். ஒன்பது மாதம் கழித்து, காருக்கு மெருகேற்றும் கடைக்காரர்தான் கண்டுபிடித்துச் சொன்னார்: இது மறுபடி பெயின்ட் அடித்த வண்டி! வழக்குப் போட்டார் டாக்டர்.

அப்போதுதான் கம்பெனியின் கொள்கை வெளியே வந்தது. விற்பனைக்கு முன்னால் வண்டி சேதமடைந்து, பழுது பார்த்த செலவு விலையில் மூன்று சதவீதத்தைத் தாண்டாவிட்டால், அதைப் புது வண்டி என்றே விற்பது. வாங்குகிறவர் இருக்கட்டும், விற்பனையாளரிடம் கூடச் சொல்வதில்லை! டாக்டரின் காருக்கு ஆன செலவு 601 டாலர். ஆகவே ரகசியம். 1983 முதல் இப்படி 983 கார்களை அந்நாடெங்கும் விற்றிருந்தார்கள். அலபாமாவில் மட்டும் 14.

ஒரு காருக்கு 4,000 டாலர் மதிப்புக் குறைவு. ஏறக்குறைய ஆயிரம் கார்கள். வக்கீல் பெருக்கிக் காட்டினார். ஜூரிகள் நஷ்ட ஈடாக 4,000 டாலரும், தண்டனையாக 40 லட்சம் டாலரும் விதித்தார்கள். அவ்வளவுதான், கம்பெனிக்கு ஞானோதயம் பிறந்தது! எவ்வளவு சின்னப் பழுதானாலும் இனி நாடு முழுவதும் சொல்லிவிட்டே விற்பது என்று உடனே கொள்கையை மாற்றிக்கொண்டது. இத்தனை வருஷமாகப் பேசாத மனசாட்சி, பணப்பெட்டியில் கை வைத்ததும் பேசியது.

அலபாமா மேல்கோர்ட் அந்தத் தண்டனையை 20 லட்சமாகக் குறைத்தது. 1996 மே 20-இல் அமெரிக்க உச்சநீதிமன்றம் அதுவும் அதிகம் என்றது. ஐந்து நீதிபதிகள் ஒருபுறம், நாலு பேர் மறுபுறம். கடைசியில் 1997-இல் 50,000 டாலரில் முடிந்தது.

நம் நாட்டிலே

கோவாவில் ஒருவர் 2011-ஆம் ஆண்டு வண்டிக்குப் பணம் கட்டினார். அவருக்கு வந்ததோ 2009-இல் தயாரான, 622 கிலோமீட்டர் ஓடியிருந்த வண்டி. அடியில் துரு, மேலே கீறல். வழக்கு உச்சநீதிமன்றம் வரை போயிற்று. 2021 பிப்ரவரி 18-இல் தீர்ப்பு. விற்பனையாளரின் பொறுப்பு நின்றது. ஆனால் தயாரித்த டாட்டா மோட்டார்ஸை நீதிமன்றம் விடுவித்தது. கம்பெனியும் விற்பனையாளரும் தனித்தனி வியாபாரிகள். கம்பெனிக்கு இது தெரியும் என்று வழக்கில் காட்டப்படவில்லை என்பது காரணம்.

இதில் நமக்கு ஒரு பாடம் உண்டு. விளம்பரத்தில் இருவருக்கும் ஒரே பெயர், ஒரே பலகை. பொறுப்பு என்று வந்தால் இருவரும் வேறு வேறு ஆள். ஆகவே புகார் எழுதும்போது விற்றவர் என்ன செய்தார், தயாரித்தவருக்கு என்ன தெரியும் என்று தனித்தனியே எழுத வேண்டும்.

சட்டம் நம் பக்கம் இல்லாமல் இல்லை. 2020 ஜூலை 20 முதல் அமலில் உள்ள 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், பழைய பொருளையோ செப்பனிட்ட பொருளையோ புதியது என்று பொய்யாகக் காட்டுவது நேர்மையற்ற வியாபார முறை என்கிறது. வாடகைக்கு ஓட்டுகிறவருக்கும் இது பொருந்தும்: சுயதொழிலாகத் தன் பிழைப்புக்கென்றே வாங்கியவர் நுகர்வோர்தான். குடியிருக்கும் மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம். வக்கீல் கட்டாயமில்லை. கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் கட்டணம் கிடையாது. அதற்கு மேல் 10 லட்சம் வரை 200 ரூபாய். ஆனால் இரண்டு வருஷத்துக்குள் கொடுத்துவிட வேண்டும்.

பொன்மலை சொல்லும் நீதி

கதவுக்குப் பட்டி வைத்தவனும் ஒரு தொழிலாளிதான். அவன்மேல் நமக்குக் கோபம் இல்லை. அடிபட்டதைச் செப்பனிடுவது அவன் தொழில், நல்ல தொழில். செப்பனிட்டது குற்றமல்ல, மறைத்ததுதான் குற்றம். மறைக்கச் சொன்னவன் பட்டறையில் இல்லை. கண்ணாடி அறையில் இருக்கிறான்.

தில்லை நகரிலிருந்து சில மைல் போனால் பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப். அங்கே மராமத்து முடிந்து வெளியே வரும் பெட்டியின் முனையைப் பாருங்கள். எந்த ஒர்க்‌ஷாப்பில், எந்தத் தேதியில் வேலை முடிந்தது, மறுபடி எப்போது வர வேண்டும் என்று பெயின்டில் எழுதியிருக்கும். மூன்றாம் வீட்டுக்காரனும் படிக்கலாம். அந்தப் பெட்டியை யாரும் கேவலமாகப் பார்ப்பதில்லை. ‘கைவேலை பார்த்தோம், இதோ பார்த்துக்கொள்’ என்று நெஞ்சை நிமிர்த்திச் சொல்கிறது அந்த எழுத்து.

ரயில் பெட்டிக்கு முடிகிற காரியம் காருக்கு ஏன் முடியாது? வண்டி விற்கும்போது கொடுக்கிற 21-ஆம் நம்பர் படிவத்தில் சேசிஸ் நம்பர் உண்டு. என்ஜின் நம்பர் உண்டு. தயாரித்த மாதமும் வருஷமும் உண்டு. கடன் கொடுத்தவர் பெயர் கூட உண்டு. விற்பதற்கு முன் என்ன பழுது பார்த்தார்கள் என்பதற்கு மட்டும் இடமில்லை. கடன்காரனின் உரிமையைக் குறித்து வைக்கத் தெரிந்த சர்க்காருக்கு, வாங்குகிறவனின் உரிமை கண்ணில் படவில்லையா? அந்தப் படிவத்தில் இன்னும் ஒரு வரி சேர்க்க வேண்டும் என்று நாம் கோருகிறோம். ஒரே ஒரு வரி!

அது வரும்வரை நாம் சும்மா இருக்க வேண்டியதில்லை. வண்டி எடுக்குமுன் விஷயம் தெரிந்த ஒரு டிங்கரைக் கூட அழைத்துப் போங்கள். இரவில், விளக்கு வெளிச்சத்தில் வண்டி எடுக்காதீர்கள். ‘இந்தச் சேசிஸ் நம்பர் வண்டிக்கு விற்பனைக்கு முன் எந்தப் பழுதும் பார்க்கவில்லை’ என்று எழுத்தில், கையெழுத்தும் முத்திரையும் வைத்துக் கேளுங்கள். எழுதித் தர மறுத்தால், அந்த மறுப்பே ஒரு பதில். ஏற்கெனவே ஏமாந்திருந்தால், பட்டறையில் பிரித்த இடத்தைப் படம் எடுங்கள். அந்தச் சேசிஸ் நம்பருக்கு எழுதிய ஜாப் கார்டுகள் அனைத்தையும் கொண்டுவர உத்தரவிடும்படி ஆணையத்தில் கேளுங்கள். பட்டியால் கதவை மூடலாம். தொழிலாளி வேலை செய்த கணக்கை அவ்வளவு சுலபமாக மூட முடியாது.

நம் டிரைவர் நண்பர் புகார் எழுதிக்கொண்டிருக்கிறார். தனியாக அல்ல; ஸ்டாண்டில் உள்ள மற்ற டிரைவர்கள் கூட உட்கார்ந்திருக்கிறார்கள். அவரவர் வண்டியின் கதவுகளையும் இப்போது தட்டிப் பார்க்கிறார்கள்.

எல்லோரும் தட்டிப் பார்க்கட்டும்!