கடலிலிருந்து அளந்த கோடு

நெய்தல் நிலத்தைப் பற்றி எழுதப் புகுவோர் அலைகளில் தொடங்குவதே வழக்கம். நான் ஏரியில் தொடங்குகிறேன். தமிழ்த்துறைப் பேராசிரியர்கள் பொறுத்தருள வேண்டும்.

செம்பாக்கம் ஏரி நிறைந்து கலங்கல் வழிந்தால், அந்நீர் நன்மங்கலம் ஏரிக்குப் போகிறது. அங்கிருந்து கீழ்க்கட்டளை, கீழ்க்கட்டளையிலிருந்து நாராயணபுரம், நாராயணபுரத்திலிருந்து பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம். பின் ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்காம் கால்வாயில் இறங்கி, தெற்கே ஓடி, முட்டுக்காட்டு உப்பங்கழியைத் தாண்டிக் கோவளத்தில் கடலைச் சேருகிறது. இப்படிச் சங்கிலியாய்ச் சதுப்பு நிலத்திற்குத் தண்ணீர் அனுப்பும் ஏரிகள் ஏறத்தாழ முப்பது. ஒரு துளி எங்கே விழுந்தால் எந்த வாயிலில் வெளியேறும் என்று காட்டும் படத்தைத்தான் நீர்வடிப்பகுதி வரைபடம் என்கிறோம். தென்சென்னைக் கடலோரத்தில் எங்கே வீடு கட்டலாம், எங்கே கட்டலாகாது என்று முடிவு செய்ய அமர்வோர் முதலில் விரிக்க வேண்டியது இந்தப் படத்தைத்தான் என்பது என் கருத்து.

ஆனால் நடைமுறை வேறு. நம் நாட்டில் கடலோர நிலத்தைக் கடலிலிருந்தே அளக்கிறோம். 1991-ஆம் ஆண்டின் கடற்கரை ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை, கடல் பெருக்கெடுத்து ஏறி நிற்கும் எல்லையிலிருந்து நிலப்பக்கம் 500 மீட்டர் வரை கோடு போட்டது. 2011-லும் 2019-லும் அது புதுப்பிக்கப்பட்டது. உள்பிரிவுகள் மாறின, மக்கள் நெருக்கம் மிகுந்த ஊர்ப்புறங்களில் கட்டடத் தடைப்பகுதி 200 மீட்டரிலிருந்து 50 மீட்டராகச் சுருங்கியது. அளவுகோலை வைக்கும் இடம் மட்டும் மாறவில்லை.

இந்த அளவுகோல் மனிதரை எங்கே கொண்டுபோய் நிறுத்துகிறது என்பதற்குச் செம்மஞ்சேரியைச் சொல்வேன். 2004 டிசம்பர் 26-இல் ஆழிப்பேரலை வந்தது. 2005 மார்ச்சில் வெளிவந்த அரசாணை, கடலிலிருந்து 200 மீட்டருக்குள் இருப்போர் அதற்கு அப்பால் குடியேறச் சம்மதித்தால் ஒன்றரை லட்ச ரூபாய் மதிப்புள்ள புது வீடு என்றது. இருக்குமிடத்திலேயே இருப்போம் என்றவர்கள் தங்கள் செலவில் பழுது பார்த்துக்கொள்ளலாம், உதவி இல்லை. உயிர் காக்கும் எண்ணத்தில் பிறந்த ஆணைதான், அதில் ஐயமில்லை. சென்னையில் கடலோரக் குப்பங்களைச் சேர்ந்த பல குடும்பங்கள் கண்ணகி நகருக்கும் செம்மஞ்சேரிக்கும் அனுப்பப்பட்டன. நகரின் ஆற்றோரக் குடிசைகளிலிருந்து அகற்றப்பட்டவர்களும் அங்கேயே வந்து சேர்ந்தனர். வலை பட்டினப்பாக்கத்தில், அடுப்பு சுமார் 20 கிலோமீட்டருக்கு அப்பால். அதுகூடப் போகட்டும். செம்மஞ்சேரி, முன்சொன்ன ஏரிச் சங்கிலியின் தண்ணீர் வந்து தேங்கும் தாழ்நிலத்தில் இருக்கிறது. கடலுக்கு அஞ்சி வந்தவர்களை ஏரித் தண்ணீர் வரவேற்றது. 2015 டிசம்பரிலும் வெள்ளம்; 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் வெள்ளம். அங்கிருந்து நம் கல்லூரிக்கு வரும் நண்பன் ஒருவன் சொல்வான்: “மழை லீவு விட்டா உங்களுக்குச் சந்தோஷம். எங்களுக்கு அரிசி மூட்டையைப் பரண்மேல் ஏத்துற நாள்.”

கடலிலிருந்து 200 மீட்டர் என்று அளந்தவர்கள், கலங்கலிலிருந்து எத்தனை மீட்டர் என்று அளக்கவில்லை. என் வழக்கு இவ்வளவுதான்.

“செயற்கைக்கோள் இருக்கும் காலத்தில் வரைபடத்திற்கா பஞ்சம்?” என்று கேட்பவர் உண்டு. எங்கள் செய்முறை வகுப்பில் இந்திய நில அளவைத் துறையின் 1:50,000 தாளை வைத்து, வண்ணப் பென்சிலால் நீர்வடி எல்லை வரையச் சொன்னார்கள். மலைப்பகுதித் தாளில் அரைமணியில் வரைந்துவிட்டோம். கடற்கரைத் தாளில் பென்சில் நின்றுவிட்டது. அத்தாள்களில் சமஉயரக் கோடுகள் 20 மீட்டர் இடைவெளியில் வருகின்றன. கடலோரச் சமவெளியோ, பல கிலோமீட்டர் தூரம் முதல் கோட்டுக்கும் கீழேயே கிடக்கிறது! தாளில் வெற்றிடம். உலகெங்கும் இலவசமாய்க் கிடைக்கும் செயற்கைக்கோள் உயரத் தரவுகளிலும் சில மீட்டர் பிழை சாதாரணம்; இங்கே ஓர் அடி உயர வேறுபாடு ஒரு தெருவின் தலைவிதியை முடிவு செய்கிறது. ஆகவே நேரில் மட்டம் பார்த்து அளக்க வேண்டும். அத்தோடு, ஏரியில் மதகு திறந்து பழகிய நீர்க்கட்டிகளையும் முதியவர்களையும் கேட்க வேண்டும். எந்த ஏரி வழிந்தால் எந்த வயல் முதலில் மூழ்கும் என்பது அவர்களுக்கு மனப்பாடம். அத்தலைமுறை போய்க்கொண்டிருக்கிறது.

இன்னொன்று, ‘புறம்போக்கு’ என்ற சொல். பள்ளிக்கரணை ஒருகாலத்தில் ஏறத்தாழ 50 சதுர கிலோமீட்டர் பரந்திருந்த கழுவெளி. வரி தராத நிலம் என்பதால் பதிவேட்டில் அது தரிசு. தரிசென்றால் காலி, காலியென்றால் கேட்பவருக்குக் கொடுக்கலாம். குப்பைக்கிடங்கு வந்தது, சாலை வந்தது, கட்டடங்கள் வந்தன. எஞ்சிய சிறு பங்குக்கு 2022-இல் ராம்சார் தகுதி கிடைத்தது. வலை உலர்த்தும் மணலும் படகு நிறுத்தும் கரையும் இதே கணக்கில்தான் காலியிடம் ஆகின்றன. மீனவரின் பொது இடங்களைப் புல அளவிலான வரைபடத்தில் குறிக்க வேண்டும் என்று 2011 அறிவிக்கை தெளிவாகவே சொல்லியிருக்கிறது. குறிப்பதற்கு, முதலில் போய்ப் பார்க்க வேண்டும் அல்லவா?

நிற்க. குறை சொல்வது எளிது. நாட்டு நலப்பணித் திட்ட முகாமில் ஆண்டுதோறும் ஏழு நாள் ஒரு கிராமத்தில் தங்குகிறோம். கோயிலுக்கு வெள்ளையடிக்கிறோம், முட்செடி வெட்டுகிறோம். அடுத்த முகாமில் ஓர் ஏரிச் சங்கிலியின் தலையிலிருந்து கழிமுகம் வரை நடந்து, கலங்கல்களையும், வாய்க்கால் அடைபட்ட இடங்களையும், மழைக்காலத்தில் வீட்டுச் சுவரில் தண்ணீர் நின்ற உயரத்தையும் குறித்து வந்தால் என்ன? துறைத்தலைவரிடம் பேசியிருக்கிறேன், மட்டமானி தருவதாகச் சொல்லியிருக்கிறார். தமிழ்த்துறை, வரலாற்றுத்துறை நண்பர்களும் வேண்டும், முதியவர்களிடம் பேச்சுக் கொடுக்க எங்களைவிட அவர்களே வல்லவர்கள். பெயர் தர விரும்புவோர் பிற்பகலில் புவியியல் ஆய்வகத்தில் என்னைப் பார்க்கலாம்.