பாவத்திற்கு நம்மீது ஆட்சி உண்டா?

மனிதன் பாவத்தின் அடிமையாகவே பிறக்கிறான். இயேசுவின் மரணத்தில் விசுவாசத்தால் பங்குகொள்பவனே அதன் ஆட்சியிலிருந்து விடுபடுகிறான். ரோமருக்குப் பவுல் எழுதிய நிருபத்தின் 5, 6ஆம் அதிகாரங்களை வைத்துக் கிறித்தவ உலகம் வகுத்துக்கொண்ட கோட்பாடு இது. பாவம் செய்ய இதுவொரு அனுமதிச் சீட்டு என நம்மவர் சிலர் பழிப்பது நியாயமன்று. பவுலே அதை அங்கு மறுக்கிறார்.

நம் கேள்வி வேறு. ஞானஸ்நானத்திற்குப் பின்னும் பாவ நாட்டம் மனிதனில் எஞ்சியிருக்கிறது என 1546இல் கத்தோலிக்கரின் திரெந்து பொதுச்சங்கமே அறிவித்தது. விடுதலை பெற்றவனுக்கும் அன்றாடப் போராட்டமும் மனவருத்தமும் தேவையெனில், அவன் பெற்ற விடுதலைதான் எது?

ஆதம் (அலை) தவறினார்கள், இறைவனிடம் மீண்டார்கள், மன்னிக்கப்பட்டார்கள் (2:37). அப்பிழை பிள்ளைகளுக்குப் பரம்பரைச் சொத்தாக இறங்கவில்லை. ஒருவரின் சுமையை மற்றவர் சுமப்பதில்லை (6:164). மனிதரை அழைத்ததன்றித் தனக்கு அவர்கள்மீது எந்த அதிகாரமும் இருந்ததில்லை என மறுமையில் ஷைத்தானே கைவிரிப்பான் (14:22). அவனுக்கே இல்லாத ஆட்சி பாவத்திற்கு ஏது?

இவ்வசனம் நமக்கும் எதிரான சாட்சியே. வட்டியில் கைநனைத்துவிட்டு, ஃபஜ்ரைத் தூங்கிக் கழித்துவிட்டு, "ஷைத்தான் கெடுத்துவிட்டான்" என நாம் சொல்லும்போது, நாவால் மறுத்த அடிமைத்தனத்தைச் செயலால் ஏற்கிறோம். நம் பிள்ளைகள் கற்பது நம் வாதத்தையன்று, இந்தச் சாக்கையே.

அடிமையாகப் பிறக்காதவனுக்குச் சாக்கு இல்லை. தவ்பாவின் வாசல் உண்டு. அதில் நுழையும் தவ்ஃபீக்கை அல்லாஹ் நம் அனைவருக்கும் அருள்வானாக!